அடியில் ஓடும் நீர்: ஊவா மலைகள் உருக்கொண்ட கதை

எல்ல நகரத்தின் தெற்கு விளிம்பில் மலைநாடு சட்டென்று முடிந்துவிடுகிறது. ஒரு பக்கம் எல்லப் பாறை, மறுபக்கம் சின்னச் சிவனொளிபாதம் என்று பெயர் பெற்ற குன்று, நடுவே கிரிந்தி ஓயா அறுத்துக்கொண்டு இறங்கிய பள்ளம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து வெல்லவாயச் சமவெளி வரை பார்வைக்குத் தடையே இல்லை. எல்ல இடைவெளி என்று சுற்றுலாக் கையேடுகள் புகழும் இந்தக் காட்சிக்கு இராவணன் கதை ஒன்றும் அருவி ஒன்றும் துணை நிற்கின்றன. ஆனால் இந்த மலைமுகம் எப்படி உண்டானது, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா என்ற கேள்வியை அதே வேகத்தில் யாரும் கேட்பதில்லை. ஊவா மலைகளின் மேற்பரப்பைச் செதுக்கியதும் இன்று வரை செதுக்கிவருவதும் பெரும்பாலும் மண்ணுக்குள்ளும் பாறை வெடிப்புக்குள்ளும் நடமாடும் நீர்தான் என்பது என் கட்சி. 1840கள் தொடக்கம் இந்த மலைகளை ஆண்டவர்கள், வாங்கியவர்கள், குடைந்தவர்கள் யாரும் அந்த நீரைத் தங்கள் கணக்கில் எழுதவில்லை. அந்தக் கணக்குப் பிழைக்குத் தோட்டத்து மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். மண்சரிவை இயற்கை அனர்த்தம் என்று மட்டும் பதிந்துவிட்டுப் போனால் வரலாற்றில் பாதி விடுபட்டுப் போகும்.

ஒரு நிலத்தின் முகத்தைப் பார்த்து அதன் அடியில் இருக்கும் நீரைச் சொல்ல முடியுமா? முடியும் என்று நமக்கு மிகத் தெளிவாகக் காட்டியவை வியாழனையும் சனியையும் சுற்றும் பனி நிலவுகள். 1979இல் வொயேஜர் விண்கலங்கள் யூரோப்பாவைப் படமெடுத்தபோது, அதன் பனிமேனியில் விண்கற்கள் விழுந்த குழிகள் மிகக் குறைவாக இருப்பதும் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதும் தெரிந்தன. குழிகள் குறைவு என்றால் மேற்பரப்பு இளையது. பழைய முகத்தை ஏதோ ஒன்று அழித்துப் புதிதாக்கியிருக்கிறது. அந்த முகத்துக்கு இன்று 4 கோடி முதல் 9 கோடி ஆண்டு வரை வயது சொல்கிறார்கள். சூரிய மண்டலத்தின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல் என்பதை வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவு. 1990களில் கலிலியோ விண்கலம் எடுத்த காந்தப்புல அளவீடுகள், பனிக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இட்டுச்சென்றன. யூரோப்பாவில் பனிக்கட்டிகள் உடைந்து புரண்டு மறுபடி உறைந்ததுபோல் கிடக்கும் குழப்ப நிலங்கள் பல உள்ளன. பனிக்குள் தேங்கிய நீர் மேலிருக்கும் ஓட்டைத் தளரச் செய்து உட்கார வைத்ததால் அவை உண்டாகியிருக்கலாம் என்று 2011இல் ஒரு விளக்கம் வெளியானது. சனியின் என்செலடஸ் நிலவில் 2005இல் கசினி விண்கலம் கண்டது இன்னும் நேரடியானது. தென்முனையில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர் நீளத்தில் நான்கு பிளவுகள். அவற்றின் வழியே நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிட்டு அடிக்கின்றன. பனி வேறு, பாறை வேறு, அங்கே நடப்பது இங்கே நடக்காது என்று யாரும் மறுக்கலாம். இயக்கத்தைப் பொறுத்தவரை அந்த மறுப்பு சரிதான். வியாழனின் ஈர்ப்பு பிசைந்து சூடாக்கும் நிலவும் பருவமழை நனைக்கும் மலையும் ஒன்றல்ல. நான் எடுத்துக்கொள்வது அங்கு கையாளப்பட்ட வாசிப்பு முறையை மட்டுமே: வெடிப்பு, சரிவு, தொய்வு ஆகிய ஒவ்வொன்றையும் அடியில் இருக்கும் நீர் விட்ட தடயமாக வைத்துக் கேள்வி கேட்பது.

ஊவாவின் முகத்தை அப்படி வாசிக்கும் முயற்சி இலங்கையில் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கனடாவின் புவிச்சரிதவியலாளர் ஃபிராங்க் டோசன் அடம்ஸ் 1929இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையின் நிலம் கரையோரம், நடுநிலம், உச்சிநிலம் என மூன்று படிகளாக எழுவதைச் சுட்டி, ஒவ்வொரு படியும் நெடுங்கால அரிப்பில் தேய்ந்து சமமான தளம் என்றார். இந்தியப் புவிச்சரிதவியலின் முன்னோடி டி. என். வாடியா, 1938 தொடக்கம் சில ஆண்டுகள் இலங்கை அரசின் கனிமவியலாளராக இருந்தவர், இதற்கு வேறு விளக்கம் தந்தார். ஒரே தளமாக இருந்த நிலம் துண்டு துண்டாகப் பெயர்ந்து மேலே தள்ளப்பட்டதால் படிகள் உண்டாயின என்பது அவர் வாதம். 1970களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. டபிள்யூ. விதானகே நிலம் மேலெழுந்த கதையை மீண்டும் கையில் எடுத்தார். மூவருக்கும் இடையிலான வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் எல்லயின் பாறைகள் மிகத் தொன்மையானவை என்பதிலும், அவை தமிழ்நாடு, கேரளம், மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு ஒரே கண்டமாக ஒட்டியிருந்த காலத்தில் ஆழத்தில் வெந்து உருமாறியவை என்பதிலும் எவருக்கும் ஐயமில்லை. 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட அந்த வேக்காட்டின் பலனாகப் பாறை படலம் படலமாக இருக்கிறது. வன்மையான குவார்ட்சைட்டும் சார்னொக்கைட்டும், எளிதில் கரையும் பளிங்கும், சிதைந்தால் களியாகும் நைசும் ஒன்றின்மேல் ஒன்றாக மாறி மாறி வருகின்றன. நீருக்கு வழி திறந்துவிடுவது இந்தப் படலங்களும் அவற்றைக் குறுக்கே வெட்டும் வெடிப்புகளும்தான்.

நீர் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அளவீடு 2000களில் கிடைத்தது. விண்வெளியிலிருந்து இடைவிடாமல் வந்து மோதும் கதிர்கள், தரைக்கு அருகில் கிடக்கும் குவார்ட்ஸ் மணிகளுக்குள் பெரிலியம்-10 என்ற அரிய அணுவை உண்டாக்குகின்றன. ஆற்றுமணலில் அந்த அணுக்களை எண்ணினால், அந்த மணல் எத்தனை காலம் மலைச்சரிவில் கிடந்து கீழே வந்தது என்று கணக்கிடலாம். ஹேவாவசம், ஃபொன் பிளாங்கென்பர்க் முதலிய ஆய்வாளர்கள் மேல் மகாவலிப் படுகையில் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். மனிதக் கை படாத காட்டுச் சரிவுகள் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான் தேய்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். இவ்வளவு மழையும் இவ்வளவு செங்குத்தும் உள்ள நாட்டில் இது வியப்பூட்டும் மெதுவு. ஆனால் மலைநாட்டின் விளிம்புச் செங்குத்துகளில் தேய்வு அதைவிட வேகமாக இருக்கிறது. அங்கே பாறை விழுந்தும் நிலம் சரிந்தும் விளிம்பு பின்வாங்குகிறது. எல்ல, ஹப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை ஆகியவை எல்லாம் அந்த விளிம்பில்தான் தொற்றிக்கொண்டிருக்கின்றன. மனிதன் பயிர்செய்த சரிவுகளைப் பற்றி அதே ஆய்வு சொன்னது கவலை தருவது: அங்கே மண், தான் உருவாகும் வேகத்தைப் போல் 10 முதல் 100 மடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

எல்லயின் இருப்பிடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். வடக்கே விழும் மழைநீர் பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்த அருவியில் குதித்து, மகாவலியோடு திருகோணமலைப் பக்கம் போகிறது. தெற்கே விழும் மழைநீர் கிரிந்தி ஓயாவோடு லுணுகம்வெகரை, திஸ்ஸமகாராமை வழியாகத் தென்கடலை அடைகிறது. இரண்டு கடல்களுக்குப் போகும் நீரைப் பிரிக்கும் கோடு இந்த விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. தெற்கே போகும் ஓடைகள் குறுகிய தூரத்தில் பல நூறு மீற்றர் இறங்குவதால் வேகம் கூடியவை, அடிவாரத்தை அறுப்பவை. கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் விழும் தியலுமை இதற்குச் சான்று. செங்குத்திலிருந்து காலங்காலமாகப் பெயர்ந்த கற்களும் களியும் மண்ணும் அதன் அடியில் குவிந்து, பாறைக்கு மேல் ஒட்டாத ஒரு போர்வையாகக் கிடக்கின்றன. இந்தச் சரிவுக் குவியல்தான் ஊவாவின் தென்முகத்து மிக முக்கியமான நிலக்கூறு என்பேன். மேலே செங்குத்துப் பாறையில் உறிஞ்சப்படும் நீர் வெடிப்புகளின் வழியே வந்து இந்தக் குவியலின் அடியில் தேங்குகிறது. மண்துகள்களின் இடுக்குகளில் நீரழுத்தம் ஏறும்போது துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி குறைகிறது. ஒரு கட்டத்தில் போர்வை மொத்தமாக நழுவுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செங்குத்தான சரிவில் திடீரென்று கொஞ்சம் சமதரை தென்பட்டால், பல இடங்களில் அது பழைய சரிவு ஒன்று வந்து உட்கார்ந்த இடம்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்த மலைகள் கைபடாதவை என்று சொல்வதும் தவறு. ஊவாவின் பெரும்பகுதி பத்தனைப் புல்வெளி. அது இயற்கையாகவே புல்லாக இருந்ததா, சேனைச் சாகுபடிக்கு வைத்த தீயும் மேய்ச்சலும் காட்டைத் தின்று புல்லாக்கியதா என்று தாவரவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே விவாதித்து வந்திருக்கிறார்கள். வறண்ட கச்சான் காற்று, அமில மண், தீ மூன்றுக்கும் பங்குண்டு என்பதே நிதானமான முடிவு. ஆனால் பழைய கிராமங்கள் பள்ளத்தில் வயலையும் மேட்டில் காட்டையும் வைத்து நடுவில் குடியிருந்த ஒழுங்கில், நீர் எங்கே ஊறும், எங்கே ஓடும் என்ற அனுபவம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்தது. 1817-18 ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய விதம் அந்த ஒழுங்கை முறித்தது. வயல்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, நீர்ப்பாசனம் சிதைந்தது, ஊர்கள் காலியாயின. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனையையும் பத்தனையையும் அரசின் சொத்தாக்கி, ஏக்கர் கணக்கில் விற்க வழிசெய்தது. நிலத்தை அறிந்தவர்களின் கையிலிருந்து நிலம் போனது என்பதுதான் இந்த வரலாற்றில் நான் முதலில் அடிக்கோடிடும் இடம்.

வாங்கியவர்கள் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டார்கள். களை ஒன்றுகூட இல்லாமல் தரையை வெறுமையாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று அன்றைய துரைமார் நம்பினார்கள். வெறுமண்ணில் விழுந்த மழை, மேல்மண்ணை ஓடைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1869இல் மடுல்சீமையில் முதலில் தென்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுக்குள் கோப்பியை முடித்துவைத்தது. ஆனால் போன மண் திரும்பி வரவில்லை. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். ரயில்பாதை 1893இல் ஹப்புத்தளைக்கும் அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. எல்லக்கும் தெமோதரைக்கும் இடையில் இன்று உலகமே படமெடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் அந்தக் கடைசிக் கட்டத்தின் வேலை. பாதை வெட்டிய பொறியியலாளர்கள் ஒவ்வொரு மண்வெட்டுக்கும் மேலே நீர் வடியக் கான் அமைத்தார்கள்; அடியில் மதகு வைத்தார்கள். தண்டவாளத்தின் கீழ் நீர் தேங்கினால் வண்டி கவிழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே அறிவு தொழிலாளர் குடியிருந்த லயத்தின் கூரைக்குக் கீழே போய்ச் சேரவில்லை.

தேயிலை மண்ணைக் காக்கும் பயிர், கோப்பியோடு அதைச் சேர்த்துக் குற்றம் சாட்டக் கூடாது என்று தோட்டத்துறையினர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. அடர்ந்து மூடிய தேயிலை மலை மழைத்துளியைத் தாங்கிக்கொள்ளும். நல்ல நிருவாகம் இருந்த காலத்தில் சரிவின் குறுக்கே, மெல்லிய வாட்டத்தில், சில மீற்றருக்கு ஒன்றாகக் கான் வெட்டியிருந்தார்கள். முழங்கால் ஆழத்துக்குக் குறையாத அந்தக் கான்களின் நடுவே ஆங்காங்கே மேடு விட்டுவைத்து, அடித்து வரும் மண் படியக் குழி செய்திருந்தார்கள். குறுக்குக் கான்கள் எல்லாம் கல் பாவிய நேர்க்கானில் விழும், அது ஓடையில் சேரும். மழைக்காலத்துக்கு முன் கான் வாரி மண்ணைத் திரும்ப மேலே போடுவது தோட்டத்து வேலைநாட்காட்டியில் கொழுந்து பறிப்பதைப் போலவே நிலையான வேலையாக இருந்தது. சரிவுக்குள் நீர் இறங்காமல் தடுத்த ஒரே ஏற்பாடு இந்தக் கான்கள்தான். 1931இல் மண்ணரிப்பைப் பற்றி அரசுக் குழு ஒன்று அறிக்கை தந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையானதிலிருந்து 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது வரை, பின்னரும்கூட, செலவைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் வெட்டப்படுவது கொழுந்து தராத வேலைதான். கான் வாருவது அந்த வகை. தூர்ந்த கான் வெறுமனே பயனற்றுப்போவதில்லை. நீரைத் தேக்கி, ஒரே இடத்தில் சரிவுக்குள் இறக்கிவிடும் தொட்டியாகவே மாறிவிடுகிறது. கைவிட்ட தேயிலை மலை நன்றாகப் பராமரித்த மலையைவிட ஆபத்தானது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதும் இதே வரலாற்றின் பகுதி. ஆலைக்கும் மலைக்கும் அருகில், ஓடைத் தண்ணீருக்குப் பக்கத்தில், வெட்டும் செலவு அதிகம் இல்லாத சமதரையில் என்பதுதான் துரைமாரின் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி ஒரே வரிசையில் நிற்கத் தோதான இடம் செங்குத்தில் எங்கே கிடைக்கும்? பழைய சரிவு வந்து தங்கிய தட்டில், அல்லது அடிவாரக் குவியலில். துரையின் பங்களா மேட்டில், பாறைமேல், காட்சி நன்றாகத் தெரியும் முனையில் இருந்தது. திட்டமிட்டு மக்களை ஆபத்தில் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சரிவுக் குவியல் என்றால் என்ன என்று அவர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் மலிவான சமதரையைத் தேடியவர்கள் தெரியாமலே சரிவின் பாதையைத் தெரிந்தெடுத்தார்கள், அந்தத் தெரிவு நூறாண்டுக்கு மேலாக மாற்றப்படாமல் இருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலைக்கும் புறப்படும் நேரத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்கடியில் போயின, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பலரின் உடல் கிடைக்கவே இல்லை. மேலே நான் விவரித்த நிலக்கூறு அங்கே அச்சாக இருந்தது: உயரே செங்குத்து, கீழே தடித்த சரிவுக் குவியல், அதன் மேல் தேயிலையும் லயங்களும், நாட்கணக்கில் நின்று பெய்த மழை. பருவமும் பொருந்துகிறது. ஊவாவுக்கு யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வறண்ட காற்றுக் காலம். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி விலை தரும் மணம் அந்த வறட்சியில்தான் ஏறுகிறது. அது முடிந்தவுடன் ஒக்டோபரில் இடைப்பருவ மழை வந்து, டிசம்பர், ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று நீடிக்கிறது. காய்ந்த மண்ணில் கொட்டும் அந்த முதல் வாரங்களில் நீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பதை மேலிருந்து பார்த்து ஊகிக்க முடியாது. ஆனால் அறிகுறிகள் உண்டு: நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, தெளிந்த ஓடை கலங்குவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோவது. கடைசி இரண்டையும் லயத்துப் பெண்கள்தான் முதலில் காண்பார்கள், தண்ணீருக்குப் போகிறவர்கள் அவர்கள்தானே.

மண்சரிவு மனிதனுக்கு முன்பும் இருந்தது, தோட்டம் இல்லாத காட்டிலும் நடக்கிறது, எனவே இதை வரலாற்றின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது நான் மதிக்கும் மறுப்பு. சரிவுக் குவியல் இருப்பதே பழைய சரிவுகளுக்குச் சாட்சி. அவற்றில் பல, மனிதர் இந்தத் தீவில் காலடி வைப்பதற்கு முந்தியவையாகவும் இருக்கலாம். ஆனால் மலை சரிவது வேறு, அது ஆளைக் கொல்வது வேறு. சரிந்தால் யார் அதன் கீழ் இருக்கிறார்கள் என்பதைத் தீர்மானித்தது காணிச் சட்டமும் லயமும். எப்போது சரியும் என்பதை ஓரளவு தீர்மானித்தது கானின் நிலை. சரியும் என்பது முன்பே தெரியாமலும் இருக்கவில்லை. 1980களின் சரிவுகளுக்குப் பிறகு, 1990இல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடம் வரையும் பணியைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முதல் இரு மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும்தான். மீரியபெத்தை மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. பல கோடி கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள நிலவின் வெடிப்பைப் பார்த்து அடியில் நீர் உண்டென்று அறிந்த காலத்தில், காலடி நிலத்தின் வெடிப்பும் வாசிக்கப்பட்டுத்தான் இருந்தது. வாசித்ததைச் செயலாக்கும் பொறுப்பு யாருடையது என்பது மட்டும் தீர்க்கப்படாமல் கிடந்தது.

சொல்லியும் மக்கள் போகவில்லையே என்ற பதில் அப்போதும் வந்தது, இப்போதும் வருகிறது. போவதற்கு அவர்களுக்கு எது இருந்தது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. ஐந்து தலைமுறையாகக் குடியிருந்தவரிடம் ஒரு பேர்ச்சஸ் காணிக்கும் உறுதி இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான இந்த மலையகத் தமிழ்ச் சமூகம், அந்தப் பிரச்சினை முற்றாகத் தீர 2003 வரை காத்திருந்தது. அதுவரை பலருக்கு வாக்கு இல்லை, வாக்கில்லாதவரின் வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் யார் விரித்துப் பார்ப்பார்? வேலை, பாடசாலை, கடை, கோயில், தண்ணீர் எல்லாம் ஒரே மலையில் இருக்கும்போது, எங்கே போவது, போன இடத்தில் பெயர்ப்பதிவு உண்டா, காலையில் வேலைக்குப் பெயர்கொடுக்கும் பிரட்டுக்கு எத்தனை மைல் நடப்பது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் ‘வெளியேறுங்கள்’ என்பது எச்சரிக்கை ஆகாது. மீரியபெத்தையில் தப்பியவர்களுக்கு 75 வீடுகள் பூனாகலைப் பக்கம் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016இல். வீடும் இடமும் ஒன்றாகக் கிடைத்தபோது மக்கள் போனார்கள். அந்தப் பதிலைப் பொய்யாக்க இந்த ஒரு செயல் போதும்.

மண்ணுக்குள் இருக்கும் நீரைப் பற்றிய இதே அலட்சியம் தோட்டங்களோடு நிற்கவில்லை என்பதற்கு உமா ஓயாத் திட்டம் சாட்சி. வடக்கே மகாவலிக்குப் போகும் உமா ஓயாவின் நீரை வெலிமடைப் பக்கம் தடுத்து, பண்டாரவளைக்கு அடியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சுரங்கம் குடைந்து, எல்ல-வெல்லவாய வீதியோரத்துக் கரந்தகொல்லையில் பல நூறு மீற்றர் ஆழத்துக்கு இறக்கி, 120 மெகாவாற் மின்சாரம் எடுத்து, தெற்கே கிரிந்தி ஓயாவில் விடுவது திட்டம். ஆற்றின் அரிப்பு ஒரு நீர்ப்பிரிமேட்டை உடைத்து அடுத்த படுகையின் நீரைப் பறித்துக்கொள்ள இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். இங்கே மனிதன் அதைச் சில ஆண்டுகளில் செய்தான். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் பாறை வெடிப்புகளின் வழியே நீர் பீறிட்டது. பாறையில் தேங்கியிருந்த நீர் வடிந்தது. பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, நிலம் அமிழ்ந்து ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவரும் தரையும் வெடித்தன. 2017இல் பண்டாரவளையில் மக்கள் பெருந்திரளாக வீதியில் இறங்கினார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. தென்பகுதி வறண்ட வயல்களுக்கு நீரும் நாட்டுக்கு மின்சாரமும் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு மலையின் நீரை எடுத்து மற்றொரு மலைச்சாரலுக்குத் தருவது நாட்டின் உரிமைக்கு உட்பட்டதே. ஆனால் மீரியபெத்தையில் நீர் கூடியதால் நிலம் நழுவியது, பண்டாரவளையில் நீர் போனதால் நிலம் தாழ்ந்தது. அடியில் உள்ள நீரின் அளவு எந்தப் பக்கம் மாறினாலும் மேலே உள்ள முகம் மாறும் என்பதை ஒரே மாவட்டத்தில், ஒரே ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள், இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டோம். இதற்குப் பிறகும் இவற்றை இரண்டு தனித்தனிச் செய்திகளாக வைத்திருப்பது பெரும் தவறு.

நீர்தான் காரணம் என்றால் நீரை வெளியேற்றினால் சரிவு நிற்க வேண்டும். நிற்கிறது. 1992இல் வட்டவளையில் ரயில்பாதையையே நகர்த்திய பெருஞ்சரிவு, நிலத்தடியில் துளையிட்டு நீரை வடித்த பிறகு அடங்கியது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை ஒட்டி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்த பதுளுசிரிகமச் சரிவிலும் இதே மருந்து கையாளப்பட்டது. ரயிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செய்ய முடிந்ததை லயத்துக்கு மேலே உள்ள சரிவுக்குச் செய்ய முடியாது என்று எந்தப் பொறியியலாளரும் சொல்லமாட்டார். எல்லாச் சரிவுக்கும் அது கட்டுபடியாகாது என்பது சரி. கட்டுபடியாகாத இடத்தில் குடியை மாற்ற வேண்டும், மாற்றும் வரை கானை வார வேண்டும். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி லயங்கள் சரிந்தன. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கொண்டுவந்த மழையில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பதுளை மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்றாக இருந்தது. அவ்வளவு மழை பெய்தால் எந்தக் கானும் தாங்காது என்பதை ஏற்கிறேன். ஆனால் அசாதாரண மழை இனி அடிக்கடி வரும் என்று தெரிந்த பின், சாதாரண மழைக்கே தூர்ந்து கிடக்கும் கானை வைத்துக்கொண்டு அதை எதிர்கொள்வது எப்படி?

வியாழனை நோக்கி 2024 ஒக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030இல் போய்ச் சேரும். பனியின் அடியில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ராடாரால் அளக்கும். ஊவாவின் ஒவ்வொரு தோட்டத்திலும் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அறிய அதற்கு ஈடான அறிவியல் தேவையில்லை. ஆபத்தான சரிவில் ஒரு குழாய்க்கிணறும் ஒரு மழைமானியும் போதும். அவற்றைப் பார்த்து எழுத, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞரோ யுவதியோ போதும். கம்பனிகளின் குத்தகை நிபந்தனையில் கான் வாரும் வேலையை எழுதி, செய்யாவிட்டால் தண்டம் விதிக்க வேண்டும். அபாய வரைபடம் தோட்டக் காரியாலயத்திலும் கோயில் மடத்திலும் பாடசாலையிலும் தமிழில், லயத்தின் பெயரோடு, தொங்க வேண்டும். அதில் சிவப்பாகக் குறித்த பகுதியில் உள்ள குடும்பங்களுக்கு மாற்று நிலம் உறுதிப் பத்திரத்தோடு தரப்பட வேண்டும், அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன்.